டிராக்டர் புகையைக் குறைக்கப் பயோடீசல்: வாடகை மையங்களிலிருந்து தொடங்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காற்று மாசு பற்றிய செய்திகளிலும் தலையங்கங்களிலும் பேருந்து, லாரி, அனல்மின் நிலையம், செங்கல் சூளை, குப்பைக் கிடங்கு என எல்லாம் இடம்பெறுகின்றன. வயலில் உழும் டிராக்டரின் புகை மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. நாட்டில் விற்கப்படும் டீசலில் ஏறத்தாழ 13 சதவீதம் வேளாண்மைக்குச் செல்கிறது என்றும், அதில் பாதிக்கு மேல் டிராக்டர்களுக்கே செலவாகிறது என்றும் மத்திய பெட்ரோலியத் துறையின் திட்ட, ஆய்வுப் பிரிவு 2014-இல் வெளியிட்ட நாடளாவிய கணக்கெடுப்பு கூறியது. அதற்குப் பிறகு டிராக்டர்களின் எண்ணிக்கை பெருகியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. அண்மைக் காலத்தில் ஆண்டொன்றுக்குச் சுமார் 9 லட்சம் புதிய டிராக்டர்கள் இந்தியாவில் விற்பனையாகின்றன. இவற்றின் புகையைக் குறைக்க, தாவர எண்ணெய் போன்றவற்றிலிருந்து செய்யும் பயோடீசல் கலந்த எரிபொருளை எங்கே, எந்த அளவில், யாருடைய பொறுப்பில் பயன்படுத்தத் தொடங்கலாம் என்பது குறித்து, வேளாண்மைப் பொறியியலில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சில கருத்துகளை முன்வைக்க விரும்புகிறேன்.

டிராக்டர் புகை ஊர்க்காற்றில் கலப்பதற்கு முன் ஓட்டுநரின் மூச்சில் கலக்கிறது. நம் ஊர் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஓட்டுநர் கூண்டு கிடையாது. புகைக்குழாய் இன்ஜின் மூடியின்மேல், ஓட்டுநரின் கண்ணுக்கு நேர் எதிரே நிற்கிறது. சாலையில் ஓடும் வண்டியின் புகை பின்னால் விலகிப்போய்விடும். சேற்றுழவிலோ, கேஜ் வீல் எனும் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய டிராக்டர் முழுச் சுமையோடு நடை வேகத்தில் ஒரே வயலுக்குள் சுற்றிச் சுற்றி வருவதால், தான் விட்ட புகைக்குள்ளேயே தான் திரும்பவும் நுழைகிறது. குறுவைக்கும் சம்பாவுக்கும் உழவு நெருக்குகிற வாரங்களில் ஓட்டுநர்கள் விடியலிலிருந்து இருட்டும்வரை இந்தப் புகையில்தான் அமர்ந்திருக்கிறார்கள். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் வரிசையில் டீசல் புகையை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-இல் சேர்த்தது. அந்த முடிவுக்கு வலுவான சான்றாக அமைந்தவை, டீசல் இயந்திரங்களோடு நிலத்தடியில் வேலை செய்த சுரங்கத் தொழிலாளர் பற்றிய ஆய்வுகள். திறந்த வெளியில் உழுபவருக்குச் சுரங்கத்தின் நெருக்கடி இல்லை என்பது உண்மையே. ஆனாலும் புகைக்குழாய்க்கும் முகத்துக்கும் இடையே உள்ள தூரம் இரண்டு மீட்டர்கூட இராது.

இதற்கு அரசு இதுவரை கையாண்டுள்ள வழி, புதிய இன்ஜின்களுக்கான விதிகளைக் கடுமையாக்குவது. டிராக்டர்களுக்கெனத் தனியாக உள்ள டிரெம் என்ற புகை வரம்பு விதிகளின் நான்காம் கட்டம் 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும்; பலமுறை தள்ளிவைக்கப்பட்டு 2023 ஜனவரியில்தான் வந்தது, அதுவும் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு மட்டும். நம் சிறு, குறு விவசாயிகள் வாங்குபவையும் நாட்டின் விற்பனையில் பெரும்பகுதியாக இருப்பவையும் அதற்குக் கீழ்ப்பட்ட டிராக்டர்கள். அவை 2010-11-இல் வந்த மூன்றாம் கட்ட விதிகளின்படியே தொடர்ந்து தயாராயின. விலை ஏறிவிடும் என்ற அச்சத்தில் சிறிய டிராக்டர்களுக்கு விலக்களித்ததை நான் குறை கூறமாட்டேன். ஆனால் ஒரு டிராக்டர் பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைக்கக்கூடியது. கைமாறிக் கைமாறி அதற்கு மேலும் ஓடுகிறது. இன்றே எல்லா அளவு டிராக்டர்களுக்கும் கடுமையான விதி வந்தாலும் அது இனிமேல் விற்கப்படுபவற்றை மட்டுமே கட்டுப்படுத்தும். ஏற்கெனவே வயலில் இருக்கும் டிராக்டர்கள் தம் ஆயுள் முடியும்வரை இப்போது விடும் புகையைத்தான் விட்டுக்கொண்டிருக்கும். பழையது, புதியது என்ற வேறுபாடின்றி எல்லா இன்ஜின்களுக்கும் ஒரே சமயத்தில் பயன் தரக்கூடிய மாற்றம் எரிபொருளில்தான் சாத்தியம் என்பதால் பயோடீசலைப் பற்றி இங்கே பேசுகிறேன்.

பயோடீசல் என்றால் எண்ணெயை அப்படியே டீசலில் ஊற்றுவது என்று பலர் எண்ணுகிறார்கள். தாவர எண்ணெயோ விலங்குக் கொழுப்போ மெத்தனாலுடன், சோடியம் அல்லது பொட்டாசியம் ஹைட்ராக்சைடை வினையூக்கியாகக் கொண்டு வினைபுரியும்போது, எண்ணெயின் பெரிய மூலக்கூறு பிரிந்து மெத்தில் எஸ்டராகவும் கிளிசரினாகவும் மாறுகிறது. நூறு கிலோ எண்ணெய்க்குச் சுமார் பத்து, பதினொரு கிலோ மெத்தனால் சேர்த்தால் ஏறக்குறைய நூறு கிலோ எஸ்டரும் பத்து கிலோ கிளிசரினும் கிடைக்கும். கிளிசரினைப் பிரித்து, நீரால் கழுவி, ஈரத்தை முற்றிலும் நீக்கிய பிறகு எஞ்சும் எஸ்டரே பயோடீசல். அதன் எடையில் சுமார் 11 சதவீதம் ஆக்சிஜன். டீசலிலோ ஆக்சிஜன் இல்லை என்றே சொல்லலாம். இன்ஜின் அறைக்குள் தெளிக்கப்படும் எரிபொருளின் செறிந்த நடுப்பகுதிக்குப் போதிய காற்று எட்டாதபோதுதான் கரித்துகள் உருவாகிறது. எரிபொருளே ஓரளவு ஆக்சிஜனைத் தன்னுடன் கொண்டுவந்தால் அந்தப் பகுதியும் நன்றாக எரிகிறது. பயோடீசலில் கந்தகமும், புகையைப் பெருக்கும் நறுமணச் சேர்மங்களும் இல்லாதிருப்பதும் உதவுகிறது.

எவ்வளவு குறையும் என்ற கேள்விக்கு மிகைப்படுத்தாமல் விடை சொல்ல வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அதுவரை வெளிவந்த பல சோதனைகளைத் தொகுத்து 2002-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, டீசலில் 20 சதவீதம் பயோடீசல் கலந்தால் நுண்துகள் சுமார் 10 சதவீதமும், கார்பன் மோனாக்சைடு சுமார் 11 சதவீதமும், எரியாத ஹைட்ரோகார்பன்கள் சுமார் 21 சதவீதமும் குறைகின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகள் சுமார் 2 சதவீதம் கூடுகின்றன. முழுக்க முழுக்கப் பயோடீசலையே ஊற்றினால் நுண்துகள் ஏறத்தாழப் பாதியாகிவிடும், நைட்ரஜன் ஆக்சைடுகளோ 10 சதவீதம் கூடும். இவை பெரும்பாலும் சோயா எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளைக் கொண்டு கனரகச் சாலை வாகன இன்ஜின்களில் எடுத்த அளவுகள். நம் டிராக்டர்களில் அப்படியே வரும் என்று கொள்ள இயலாது. எனினும் திசையும் ஏறத்தாழ அளவும் தெளிவாக உள்ளன. இருபது சதவீதக் கலப்பு புகையைச் சற்றே குறைக்கும், ஒழித்துவிடாது.

இந்த இடத்தில், பயோடீசல் ஆர்வலர்கள் பலர் சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டிராக்டர் கரும்புகை கக்குவதற்குப் பெரும்பாலும் காரணம் எரிபொருள் அன்று. அடைத்துக்கொண்ட ஏர் ஃபில்டர், எரிபொருளைத் தெளிக்கும் நாசில் தேய்ந்திருப்பது, ஒழுங்கு தவறிய டீசல் பம்ப், இன்ஜினின் திறனுக்கு மீறிய அகலத்தில் மாட்டிய ரோட்டவேட்டர் (சுழல் கலப்பை) ஆகியவையே முதற்காரணங்கள். புழுதி உழவு செய்யும் நாள்களில் காற்றின் தூசியை எண்ணெயில் படியவைக்கும் ஆயில் பாத் ஏர் கிளீனரின் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தால் எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் சேறு இருக்கும். அந்தக் கிண்ணத்தைத் தினமும் கழுவிப் புது எண்ணெய் ஊற்றுவதாலும், தேய்ந்த நாசிலைக் காலத்தில் மாற்றுவதாலும் குறையும் புகை, பல டிராக்டர்களில் பயோடீசலால் குறைவதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே பராமரிப்புக்குப் பதிலாகக் கலப்பு எரிபொருள் என்று எவரும் திட்டம் தீட்டக் கூடாது. பராமரிப்பு ஒழுங்காக நடக்கும் இடத்தில்தான் கலப்பின் பயனும் அளவிடக்கூடியதாக இருக்கும்.

அதேபோல, வேதிமாற்றம் செய்யாத எண்ணெயை டீசலுடன் கலந்து ஊற்றும் வழக்கத்தையும் கண்டிக்க வேண்டியிருக்கிறது. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் நிலக்கடலை எண்ணெயில் ஓடிக்காட்டியது என்பது வரலாற்று உண்மை. அதை மேடைகளில் எடுத்துச் சொல்லி, புங்க எண்ணெயையும் இலுப்பை எண்ணெயையும் நேரடியாக டாங்கில் ஊற்றலாம் என்று அறிவுரை கூறுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தாவர எண்ணெயின் பிசுக்குமை, அதாவது ஓட்டத்தைத் தடுக்கும் கெட்டித்தன்மை, டீசலினுடையதைப்போல் பத்து மடங்கு. இன்றைய நாசில் அதை நுண்ணிய தூவலாக்க முடியாமல் தாரையாக விடும். தாரை சரியாக எரியாமல் நாசில் முனையில் கரி படியும், பிஸ்டன் ரிங்குகள் ஒட்டிக்கொள்ளும், இன்ஜின் ஆயில் கூழாகும். முதல் சில வாரங்கள் நன்றாக ஓடுவதால் இதில் ஏமாந்துவிடுவது எளிது. எஸ்டராக மாற்றும்போது இந்தப் பிசுக்குமை டீசலை நெருங்கிவிடுகிறது என்பதே பயோடீசலின் அடிப்படைப் பயன்.

இனி, எண்ணெய் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு வருகிறேன். இந்தோனேசியா 2025-இல் தன் டீசலில் 40 சதவீதம் பாமாயில் எஸ்டரைக் கலக்கும் நிலைக்கு வந்துவிட்டது. பிரேசில் அதே ஆண்டில் 15 சதவீதத்தை எட்டியது. அந்நாடுகளிடம் எண்ணெய் உபரியாக இருக்கிறது. நாமோ சமையலுக்குத் தேவையான எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம். உண்ணும் எண்ணெயை டிராக்டருக்கு ஊற்றுவது நமக்குப் பொருந்தாது என்று தேசிய உயிரி எரிபொருள் கொள்கை எடுத்த நிலைப்பாடு சரியானதே. ஆனால் உண்ணா எண்ணெயை நம்பிப் போட்ட கணக்குகளின் கதி நமக்குத் தெரியும். 2003-இல் திட்டக்குழுவின் அறிக்கை, காட்டாமணக்கைத் தரிசு நிலங்களில் பயிரிட்டு 2011-12-க்குள் டீசலில் 20 சதவீதம் கலக்கலாம் என்றது. 2009-ஆம் ஆண்டுக் கொள்கை அதே 20 சதவீதத்தை 2017-க்குத் தள்ளியது. 2018-ஆம் ஆண்டுக் கொள்கை 2030-க்குள் 5 சதவீதம் என்று இலக்கையே இறக்கிக்கொண்டது. நடைமுறையில் நாட்டின் கலப்பு ஒரு சதவீதத்தைக்கூட இன்னும் எட்டவில்லை.

காட்டாமணக்கைத் தமிழக விவசாயிகளுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வேலியோரத்தில் ஆடுகூட மேயாத செடியாக அது எப்போதும் இருந்தது. அதைப் பணப்பயிராக்கலாம் என்று சொல்லி, கோவை, திருவண்ணாமலை உள்ளிட்ட மாவட்டங்களில் கடனும் கன்றும் கொடுத்து நடவைத்தார்கள். தண்ணீர் இல்லாத தரிசில் செடி உயிரோடு இருந்தது, காய்க்கவில்லை. காய்த்த இடங்களில் பாசனமும் உரமும் கேட்டது. பறித்த விதைக்கு வாங்குவோர் இல்லை. ஒரே சமயத்தில் பழுக்காத காயைப் பலமுறை பறிக்க வேண்டிய கூலி, விதையின் விலையைத் தாண்டியது. அப்போது நட்டவர்கள் பிடுங்கி எறிந்த கதையைக் கேட்டவர்கள், பயோடீசல் என்ற சொல்லைக் கேட்டதுமே எழுந்து போய்விடுகிறார்கள். அவர்கள் மீது குற்றம் இல்லை.

புங்கமும் இலுப்பையும் வேறு வகை. இரண்டும் நம் மண்ணின் மரங்கள், குளக்கரையிலும் சாலையோரத்திலும் கோயில் நந்தவனத்திலும் கேட்பாரின்றி நிற்பவை, விளைநிலத்தோடு போட்டியிடாதவை. கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் துணையோடு புங்கம் விதையைக் கிராமங்களில் சேகரித்துப் பயோடீசல் செய்யும் முயற்சி பல ஆண்டுகள் நடந்தது. இவை பாராட்டத் தக்கவை. ஆனால் மரம் காய்ப்புக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும், இலுப்பைக்குப் பத்தாண்டும் போதாது. சிதறிக் கிடக்கும் விதையைப் பொறுக்கிச் சேர்ப்பவர்க்குக் கட்டுப்படியாகும் விலை கொடுத்தால் எரிபொருள் விலை கட்டுப்படியாகாது. நெடுங்காலத் திட்டமாக மரம் நடுவோம். வரும் பருவத்து உழவுக்கு அதை நம்ப வேண்டாம்.

இப்போதே கையில் இருக்கும் மூலப்பொருள், சமைத்து மீந்த எண்ணெய். உணவகங்களிலும் பலகாரக் கடைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் பலமுறை காய்ச்சிக் கறுத்துப்போகும் எண்ணெயில், எண்ணெய் கெடும்போது உருவாகும் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அந்த எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசலாக்கும் ரூகோ திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே ஆண்டு தொடங்கியது. ஆண்டுக்கு 220 கோடி லிட்டர்வரை இப்படித் திரட்ட வாய்ப்புண்டு என்று அப்போது மதிப்பிட்டது. திரட்டப்படாத எண்ணெய் எங்கே போகிறது என்பது ஊரறிந்த செய்தி. பெரிய கடையில் ஒதுக்கியது குறைந்த விலைக்குச் சிறிய கடைக்குப் போய், அங்கே மறுபடியும் வாணலியில் ஏறுகிறது. மிஞ்சியது சாக்கடைக்குப் போகிறது. எரிபொருளாக மாற்றினால் நம் வயிற்றுக்கும் ஒரு நன்மை உண்டு.

தமிழ்நாட்டுக்கு இதில் தொழில்நுட்ப அளவிலும் ஒரு சாதகம் இருக்கிறது. நம் பலகாரக் கடைகளில் பெருமளவு புழங்குவது பாமாயில். அது நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தது என்பதால், அதிலிருந்து செய்யும் எஸ்டரின் சீட்டேன் எண் (எரிபொருள் எவ்வளவு எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதன் அளவு) உயர்வாக இருக்கும். எளிதில் தீப்பற்றும், நைட்ரஜன் ஆக்சைடு கூடுவதும் சோயா எஸ்டரைவிடக் குறைவு, காற்றுப் பட்டுக் கெடுவதும் மெதுவாக நடக்கும். பாமாயில் எஸ்டரின் பெருங்குறை, குளிரில் உறைந்துபோவது. ஐரோப்பாவில் அது தலைவலி. தஞ்சாவூரிலும் மதுரையிலும் மார்கழிக் காலையில்கூட 20 சதவீதக் கலப்பு உறைய வழியில்லை. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களை வேண்டுமானால் விலக்கி வைத்துக்கொள்ளலாம்.

அளவும் எட்டாததன்று. ரோட்டவேட்டர் ஓட்டும் நடுத்தர டிராக்டர் மணிக்குச் சுமார் ஐந்து லிட்டர் டீசல் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 800 மணி நேரம் ஓடினால் 4,000 லிட்டர். அப்படிப்பட்ட 100 டிராக்டர்களுக்கு 4 லட்சம் லிட்டர்; அதில் 20 சதவீதம் பயோடீசல் என்றால் 80,000 லிட்டர். நாளொன்றுக்கு 220 லிட்டர் மீந்த எண்ணெய் திரட்டினால் போதும். ஒரு மாவட்டத் தலைநகரின் உணவகங்களும் அடுமனைகளும் இதைத் தரக்கூடியவை. நாட்டின் மொத்த டீசலில் 5 சதவீதம் என்ற இலக்கு எட்டாக்கனியாகத் தோன்றலாம். ஒரு மாவட்டத்தின் நூறு டிராக்டர்களுக்கு 20 சதவீதம் என்பது கைக்கெட்டும் கணக்கு.

எந்த நூறு டிராக்டர்கள் என்பதில்தான் என் கருத்தின் மையம் இருக்கிறது. விவசாயியின் சொந்த டிராக்டரில் இதைத் தொடங்கக் கூடாது. உழவு முடிந்ததும் சொந்த டிராக்டர் கொட்டகைக்குள் போனால் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும். டாங்கில் பாதி எரிபொருளும் கிடக்கும். பயோடீசலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் டீசலைவிட அதிகம். அடியில் சேரும் நீரில் நுண்ணுயிர்கள் வளர்ந்து பாசிபோல் படியும். காற்றுப் பட்டு எஸ்டர் கெட்டுப் பிசினாகும். ஆறு மாதத்துக்கு மேல் தேக்கி வைக்கத் தக்க பொருள் அன்று இது. மேலும், டாங்கிலும் குழாய்களிலும் ஆண்டுக்கணக்கில் படிந்த அழுக்கைப் பயோடீசல் கரைத்துக்கொண்டு வருவதால் முதல் சில நிரப்பல்களில் டீசல் ஃபில்டர் அடிக்கடி அடைக்கும். பழைய டிராக்டர்களில் உள்ள சாதாரண ரப்பர் குழாய்களும் சீல்களும் அதிக அளவுக் கலப்பில் ஊறித் தளரும். 20 சதவீதத்தில் இந்தச் சிக்கல் குறைவு என்றாலும் கண்காணிப்பு வேண்டும். உழவு நெருக்கடியில் வயல் நடுவே ஃபில்டர் அடைத்து வண்டி நின்றால், அந்த விவசாயி ஆயுள் உள்ளவரை பயோடீசலைச் சபிப்பார். அவருக்கு யாரும் ஈடு தரப்போவதும் இல்லை.

வேளாண்மைப் பொறியியல் துறை மணிக்கு 500 ரூபாய் வாடகையில் விடும் டிராக்டர்களும், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் வாடகை மையங்களில் உள்ளவையும் நிலைமையில் வேறுபட்டவை. அவை ஒரு பருவத்தோடு நின்றுவிடாமல் ஊருக்கு ஊர், பயிருக்குப் பயிர் மாறி ஓடுவதால் டாங்கில் எரிபொருள் தேங்குவதில்லை. ஒரே இடத்துக்குத் திரும்பி வருவதால் கலப்பைக் கட்டுப்படுத்தலாம். துறையிடம் மெக்கானிக்குகளும் பணிமனையும் பராமரிப்புப் பதிவேடும் உள்ளன. ஃபில்டர் எப்போது மாற்றப்பட்டது, இன்ஜின் ஆயில் எப்போது மாற்றப்பட்டது என்பது எழுத்தில் இருக்கும். சிக்கல் வந்தால் நட்டம் அரசினுடையது, தனி விவசாயியினுடையது அன்று. ரயில்வே, அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் போன்ற மொத்த நுகர்வோர் பயோடீசலை நேரடியாக வாங்க மத்திய அரசு 2015-இல் வழி திறந்தது. அதே ஏற்பாட்டை வேளாண்மைப் பொறியியல் துறைக்கும் பொருத்துவதில் பெரிய தடை இருக்காது.

தரக் கட்டுப்பாடு இல்லாமல் இதில் இறங்கவே கூடாது. தூய பயோடீசலுக்கு ஐ.எஸ். 15607 என்ற தரக்குறியீடும், 6 முதல் 20 சதவீதம்வரையிலான கலப்புக்கு ஐ.எஸ். 16531 என்ற தரக்குறியீடும் உள்ளன. அவற்றை மதிக்காமல், தொழிற்சாலை எண்ணெய்களையும் கரைப்பான்களையும் கலந்து பயோடீசல் என்ற பெயரில் விற்ற கும்பல்களைக் குஜராத்தில் காவல்துறை 2021-இல் வேட்டையாட வேண்டியிருந்தது. நம் மாநிலத்திலும் லாரிகளுக்கு இப்படி விற்றவர்கள் பிடிபட்ட செய்திகளைப் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். அந்தப் போலிச் சரக்கு இன்ஜினையும் கெடுத்தது, பயோடீசலின் பெயரையும் கெடுத்தது. மீந்த எண்ணெயில் கொழுப்பமிலம் மிகுந்திருப்பதால், அதை முதலில் அமில முறையில் பதப்படுத்தாமல் நேரடியாகக் காரம் சேர்த்தால் எஸ்டருக்குப் பதில் சோப்பு உருவாகும். சரியாகக் கழுவி நீக்காத சோப்பும் மெத்தனாலும் கிளிசரினும் நாசிலுக்கு எமன். ஆகவே ஒவ்வொரு தொகுதிக்கும் ஆய்வகச் சான்று வேண்டும். சான்று இல்லாத பீப்பாய் பணிமனைக்குள் நுழையக் கூடாது.

பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு 2025-இல் நாடெங்கும் வந்தபோது, பழைய வண்டி வைத்திருந்தவர்கள் மைலேஜ் குறைகிறது, பாகங்கள் கெடுமோ என்று எழுப்பிய கேள்விகளுக்குத் தெளிவான விடை காலத்தில் கிடைக்கவில்லை. விவசாயிகளை அந்த நிலைக்குத் தள்ளக் கூடாது. பயோடீசலின் வெப்ப ஆற்றல் எடைக்கு எடை டீசலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவு. ஆகவே 20 சதவீதக் கலப்பில் எரிபொருள் செலவு ஒன்றிரண்டு சதவீதம் கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒரு நன்மையையும் சேர்த்துச் சொல்லலாம்: 2020 ஏப்ரல் முதல் டீசலில் கந்தகம் மிகவும் குறைக்கப்பட்டதால் அதன் இயல்பான வழவழப்பும் குறைந்தது; சிறிதளவு பயோடீசலே அதை ஈடுசெய்து பம்பின் தேய்மானத்தைத் தடுக்கிறது.

விலையைப் பொறுத்தவரை, நல்ல பயோடீசல் டீசலைவிட லிட்டருக்குப் பத்து ரூபாய் கூடுதலாக இருந்தாலும், 20 சதவீதக் கலப்பில் லிட்டருக்கு இரண்டு ரூபாய்தான் ஏறும். மணிக்கு ஐந்து லிட்டர் என்றால் பத்து ரூபாய். ஏற்கெனவே மானியத்தில் நடக்கும் வாடகைச் சேவையில் இந்தப் பத்து ரூபாயை அரசே ஏற்பது பெரிய சுமையாகாது. அதை உழவரிடம் வசூலித்தால் முதல் நாளே திட்டம் முடிந்துவிடும்.

மின்சார டிராக்டரும் இயற்கை எரிவாயு டிராக்டரும் வந்துகொண்டிருக்கும்போது இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். அவை வரட்டும். ஆனால் நாள் முழுதும் சேற்றுழவு ஓட்டும் அளவுக்கு மின்கலம் மலிவாகும் வரையில், ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. டீசலில் எத்தனால் கலக்கலாமே என்றும் கேட்கிறார்கள். எத்தனால் டீசலோடு நிலையாகக் கலந்திருப்பதில்லை, சிறிது நீர் சேர்ந்தாலே பிரிந்து நிற்கும், தீப்பற்றும் வெப்பநிலையையும் ஆபத்தான அளவுக்குத் தாழ்த்திவிடும். கொட்டகைகளில் பீப்பாயில் எரிபொருள் வைக்கும் நம் ஊருக்கு, 100 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் தீப்பற்றத் தொடங்கும் பயோடீசலே பாதுகாப்பானது.

மாநில அரசுக்கு என் வேண்டுகோள் இது. டெல்டாவில் ஒரு மாவட்டத்தைத் தேர்ந்து, வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டர்களில் பாதியைக் கலப்பு எரிபொருளிலும் மறு பாதியை வழக்கமான டீசலிலும் இரண்டு பருவங்களுக்கு ஓட்ட வேண்டும். தொடங்கும் முன் எல்லா டிராக்டர்களின் ஏர் ஃபில்டரும் நாசிலும் ஒரே நிலைக்குக் கொண்டுவரப்பட வேண்டும். இல்லையென்றால் குறைந்த புகை எதனால் குறைந்தது என்று தெரியாது. கருவிகளுக்கு இன்ஜின் திறனைக் கடத்தும் பி.டி.ஓ. தண்டில் சுமையேற்றி, புகை அடர்த்தியையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் அளக்க வேண்டும். இதற்குத் திருச்சி மாவட்டம் குமுளூரில் உள்ள வேளாண் பொறியியல் கல்லூரி பொருத்தமான இடம்; முறையான இன்ஜின் சோதனைக்கு ஆந்திரத்தின் கார்லதின்னேயிலோ மத்தியப் பிரதேசத்தின் புத்னியிலோ உள்ள மத்திய பண்ணை இயந்திரச் சோதனை நிலையங்களை நாடலாம். ஏக்கருக்கு எத்தனை லிட்டர், எத்தனை ஃபில்டர், எத்தனை நாள் பழுது என்ற கணக்கையும், ஓட்டுநர்களின் நுரையீரல் திறன் பரிசோதனையையும் சேர்த்துக்கொண்டால் நல்லது. முடிவு சாதகமாக இருந்தாலும் பாதகமாக இருந்தாலும் முழுமையாகத் தமிழில் வெளியிட வேண்டும்.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படுகிறது. அதற்கு முந்தைய கோடை உழவின்போதே சோதனையைத் தொடங்கினால், ஃபில்டர் அடைப்பு போன்ற தொடக்கக் கோளாறுகள் வேலை குறைந்த நாள்களிலேயே தெரியவந்து சரிசெய்யப்பட்டுவிடும். குறுவைச் சேற்றுழவுக்கு வண்டிகள் தயாராக இருக்கும். அப்போது டிராக்டரை முன்பதிவு செய்ய வரும் விவசாயி பார்க்கும்படி, அந்த வாரம் ஊற்றப்படும் எரிபொருளின் ஆய்வகச் சான்றை வாடகை மையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைக்கத் துறை ஆணையிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேளாண்மைப் பொறியாளர்,
மன்னார்குடி.